ரிப்போர்ட்டில் தெரியாத வலி: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது, வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு வயதினர் எழுதியிருந்தும், பலவற்றில் ஒரே ஆதங்கம் இருப்பதைக் கண்டேன். வலி இருக்கிறது, பரிசோதனை முடிவுகளில் ஒன்றும் இல்லை, அதனால் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும், சில வேளைகளில் மருத்துவரின் அறையிலுமே, அந்த வலியை யாரும் நம்புவதில்லை. எனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தக் கடிதங்களில் நான்கிற்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக உடம்பு முழுவதும் வலி. கழுத்து, இரண்டு தோள்கள், முதுகு, இடுப்பு, தொடை என்று மாறி மாறி வலித்துக்கொண்டே இருக்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கிய உணர்வே இல்லாமல் எழுகிறேன். சில நாட்களில் வளையல் அழுத்துவதுகூடத் தாங்க முடிவதில்லை. அளவு எடுத்து எழுதி வைத்ததையே மறந்துவிடுகிறேன். எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், பொது மருத்துவர் என்று பலரிடம் காட்டிவிட்டேன். எக்ஸ்ரே, ஸ்கேன், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். வைட்டமின் டி குறைவு என்று மருந்து தந்தார்கள். அளவு சரியாகிவிட்டது, வலி போகவில்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர், “உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனசைத் தளர விடாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று முதல் என் கணவர், “எல்லா டாக்டரும் ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க, உனக்கு மட்டும் எங்கிருந்து வலி வருது?” என்று கேட்கிறார். மாமியார், தாம் நெல் குத்தியும் தண்ணீர் சுமந்தும் வளர்ந்த கதையைச் சொல்லிக் காட்டுகிறார். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. இது உண்மையான நோயா, என் மனப்பிரமையா?
(வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வலி உண்மையானது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வர வேண்டும்.

நீங்கள் செய்துகொண்ட பரிசோதனைகள் எதுவும் வலியை அளப்பவை அல்ல. எலும்பு முறிந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே சொல்லும். உடலில் எங்காவது அழற்சி இருக்கிறதா என்பதற்கு இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் ஒரு குறிப்பைத் தரும். வலி எவ்வளவு என்று காட்டும் கருவி எந்த மருத்துவமனையிலும் இல்லை. ஆகவே “எல்லாம் நார்மல்” என்றால், தேடிய நோய்கள் இல்லை என்று மட்டுமே பொருள். வலி இல்லை என்று பொருள் ஆகாது. வலி ஆய்வுக்கான பன்னாட்டு அமைப்பு, 1979-இல் தான் வகுத்த வலியின் வரையறையை 2020-இல் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் கணவர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உடலில் காயமோ அழற்சியோ ஏற்பட்டு வரும் வலி ஒரு வகை. நரம்பே பழுதடைந்து வரும் வலி இன்னொரு வகை. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல் இதைச் சேர்ந்தது. இவ்விரண்டிலும் அடங்காமல், தண்டுவடமும் மூளையும் வலிச் செய்திகளைக் கையாளும் முறையே மாறிப்போய், சாதாரண அழுத்தமும் தொடுதலும்கூட வலியாக உணரப்படும் நிலை ஒன்று உண்டு. 2017-இல் இதை மூன்றாவது வகையாக அதே அமைப்பு ஏற்றுக்கொண்டது. இந்த வகையில் அதிகம் காணப்படும் நோய் ஃபைப்ரோமயால்ஜியா. பரவலான வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி, வளையல் பட்டால்கூட வலிப்பது என்று நீங்கள் எழுதியிருப்பவை அதனுடன் நன்றாகவே பொருந்துகின்றன. கடிதத்தை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் நோயை உறுதி செய்யக் கூடாது; ஆனால் இந்தக் கேள்வியை உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இந்த நோயைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது என்பதுதான் உங்களைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைவதற்கு முக்கியக் காரணம். 1990-இல் அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற, மூட்டு, தசை வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு வகுத்த முறைப்படி, உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை மருத்துவர் தம் கட்டைவிரலால், நகத்தின் அடிப்பகுதி வெளுக்கும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 4 கிலோ அழுத்தத்தில், அழுத்திப் பார்ப்பார். 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்று கொள்ளப்பட்டது. 2010-இல் வெளியான முறை இந்த எண்ணிக்கையைக் கைவிட்டது. உடலை 19 பகுதிகளாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்று கேட்டு, அதனுடன் அசதி, தூக்கம், நினைவாற்றல் ஆகியவற்றின் நிலையையும் விசாரித்து மதிப்பெண் இடுகிறார்கள். இந்தத் தொல்லைகள் 3 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். ஆகவே, நோயாளியிடம் பேசாமல், தொட்டுப் பார்க்காமல், மேசை மேல் இருக்கும் காகிதங்களை மட்டும் புரட்டும் மருத்துவரால் இந்த நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்க முடியாத கூட்டத்தில் எங்கள் தொழில் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். அது காரணமே தவிர நியாயம் அல்ல.

அதற்காக, உடம்பு வலி என்றவுடனே ஃபைப்ரோமயால்ஜியா என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவு இதே போன்ற வலியையும் அசதியையும் தரும், டி.எஸ்.எச். பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மென்மையாகிவிட்டால், தரையில் உட்கார்ந்து எழுவதே சிரமமாக இருக்கும், கெண்டைக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கும், ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு உயர்ந்திருக்கும். ரத்தசோகை, தசை நோய்கள், கொழுப்பைக் குறைக்க உட்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் தசைவலி ஆகியவையும் விலக்கப்பட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சில எளிய ரத்தப் பரிசோதனைகளே போதும். ஒரு முறை முறையாகச் செய்துவிட்டால், புதிதாக அறிகுறி எதுவும் தோன்றாத வரை, மருத்துவரை மாற்றும்போதெல்லாம் அதே பட்டியலை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. தையல் கூலியில் சேர்த்த பணத்தை மூன்றாவது எம்.ஆர்.ஐ.-க்குக் கொடுக்காதீர்கள். மூட்டு வீங்குவது, விடாத காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, கை கால் பலம் இழப்பது, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று புதிதாக வந்தால் மட்டும் தாமதிக்காமல் மீண்டும் காட்ட வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, தடித்த ஃபைலுக்கு மேலே, நீங்களே எழுதிய ஒரு பக்கத்தை வையுங்கள். மனித உருவம் ஒன்றை முன்னும் பின்னுமாக வரைந்து, வலிக்கும் இடங்களைப் பேனாவால் நிழலிடுங்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, தூக்கம் எப்படி என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். “தாங்க முடியாத வலி” என்று எழுதுவதைக் காட்டிலும், “முன்பு ஒரே அமர்வில் ஒரு ரவிக்கையைத் தைத்து முடிப்பேன், இப்போது கைப்பகுதியை இணைப்பதற்குள் இரண்டு முறை எழுந்து படுக்க வேண்டியிருக்கிறது” என்று எழுதுவது மருத்துவருக்கு மிகவும் பயன்படும். எந்த வேலை நின்றுபோனது என்று தெரிந்தால்தான் சிகிச்சையில் எது திரும்பி வர வேண்டும் என்றும் தெரியும். பிறகு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதுவரை எந்தெந்த நோய்கள் இல்லை என்று உறுதியாகியிருக்கிறது? மீதி இருப்பவற்றில் இது என்னவாக இருக்கலாம்?

உங்களுக்குப் பொருத்தமானவர் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டு, தசை வாத நோய் நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.-யிலும், புதுச்சேரி ஜிப்மரில் கிளினிக்கல் இம்யூனாலஜி என்ற பெயரிலும் இத்துறை இயங்குகிறது. உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த நாளில் இந்தப் பிரிவுக்கான புறநோயாளிச் சீட்டு தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பு 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் மிக உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி மட்டுமே. வலியோடு இருப்பவரிடம் நடக்கச் சொன்னால் கோபம்தான் வரும். ஆனால் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, வலி கூடிய நாளில் முற்றிலும் நிறுத்திவிடாமல் குறைத்து நடந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களுக்குப் பலன் கிடைக்கிறது. மருந்துகளில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டூலோக்செட்டின், ப்ரீகாபலின் போன்றவற்றை மருத்துவர் எழுதக்கூடும். இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையில், “இது டிப்ரஷன் மாத்திரைம்மா, உங்களுக்கு எதுக்கு?” என்று யாராவது சொல்ல, அன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். இந்த மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியைத் தணிக்கும் பாதைகளில் வேலை செய்கின்றன. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அதற்காகவே தரப்படுகின்றன. ஸ்டீராய்டு மாத்திரையால் இந்த நோய்க்குப் பயன் இல்லை.

மனதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் வலித்தால் மனம் சோர்ந்துதான் போகும். சோர்ந்த மனத்துக்கு வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். மனச்சோர்வும் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கும் மருத்துவம் செய்துகொள்ளுங்கள். அதைச் செய்துகொள்வதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது.

கேள்வி: வயது 26. தொழிற்சாலையில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழ் முதுகிலும் பிட்டத்திலும் வலி. ஒரு வாரம் வலப் பக்கம் என்றால் மறு வாரம் இடப் பக்கம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியால் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்த பிறகு உடம்பு இளகி நிமிர முக்கால் மணி நேரம் ஆகிறது. வேலைக்குப் போய் நடமாடத் தொடங்கினால் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை படுத்தே இருந்தால் மிக மோசமாக இருக்கிறது. பைக் ஓட்டுவதால் என்கிறார்கள், டிஸ்க் என்கிறார்கள், மெத்தையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். எக்ஸ்ரே நார்மல். சூப்பர்வைசர், “வேலைக்கு வந்தா நல்லாத்தானே நடக்குறே?” என்று கேட்கிறார். சென்ற ஆண்டு ஒரு கண் சிவந்து வலித்து, சொட்டு மருந்தில் சரியாயிற்று. இதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் எழுதுகிறேன்.
(வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, அந்தக் கண்ணைப் பற்றி எழுதினீர்களே, அது மிக நல்ல காரியம். தொடர்பு இருக்கக்கூடும்.

சுளுக்கு, டிஸ்க் ஆகியவற்றால் வரும் முதுகுவலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் குறையும், உழைத்தால் கூடும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. இளம் வயதில் மெல்லத் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, இரவின் பின்பகுதியில் எழுப்பி, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக விறைப்பைத் தந்து, நடமாடினால் குறைந்து, பிட்டத்தில் பக்கம் மாறி மாறி வலிப்பது, முதுகெலும்பையும் அதன் அடியில் இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளையும் தாக்கும் அழற்சி நோயின் இலக்கணம். முற்றிய நிலையில் அதை ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பார்கள். கண்ணின் உட்பகுதியில் வரும் யுவைட்டிஸ் என்ற அழற்சி இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு வரும். கண் மருத்துவர் தந்த பழைய சீட்டு இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். மறுபடியும் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், கடையில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்பதால் இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது. 1984-இல் வகுத்த பழைய விதிமுறை எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வேண்டும் என்று கேட்டது. அந்த மாற்றம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் 2009-இல் வந்த புதிய விதிமுறை எம்.ஆர்.ஐ.-யைச் சேர்த்துக்கொண்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டிஸ்க் பார்ப்பதற்காக எடுக்கும் வழக்கமான கீழ் முதுகு எம்.ஆர்.ஐ.-யில் இந்த மூட்டுகள் முழுமையாகத் தெரியாமல் போகலாம். முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் அந்தச் சாக்ரோஇலியாக் மூட்டுகளுக்கு என்று குறிப்பிட்டு எடுக்க வேண்டும். டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பது வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.-யிலும் சாதாரணமாகக் காணப்படும். அதைப் பார்த்துவிட்டுத் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுக் கூறு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலோரிடம் அது இருக்கும். ஆனால் அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதே இல்லை. சி.ஆர்.பி. இயல்பாக இருப்பதும் நோயை மறுக்கும் சான்று அல்ல. மருத்துவர் உங்களை நிற்கவைத்து, இடுப்புக் குழிகளின் மட்டத்தில் ஒரு புள்ளியும், அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொரு புள்ளியும் பேனாவால் வைத்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்வார். வளையும் முதுகில் அந்த இடைவெளி 15 செ.மீ. அளவுக்காவது விரியும், விறைத்த முதுகில் விரியாது. தொடக்க நிலையில் இதுவும் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். இந்த நோயில் நோயாளி சொல்லும் நேரக்கணக்குத்தான் முதல் துப்பு.

உறுதியானால், வலிநிவாரணி மாத்திரைகளும் தினசரி முதுகுப் பயிற்சியுமே முதல் சிகிச்சை. அவை போதாதவர்களுக்கு பயோலாஜிக் எனப்படும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கும் முன்பு உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருப்பது உங்களுக்கு ஆகாது. புகைபிடிக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த நோயில் அது முதுகெலும்புக்குக் கேடு.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். பூப்பெய்திய இரண்டாம் ஆண்டிலிருந்தே மாதவிடாய் நாட்களில் துடித்துப்போகிறாள். வாந்தி, மயக்கம், மலம் கழிக்கும்போதும் வலி என்கிறாள். மாதம் மூன்று நாள் வகுப்புக்குப் போக முடிவதில்லை. வயிற்று ஸ்கேனில் ஒன்றும் இல்லை. உறவினர்கள், “எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்” என்கிறார்கள். வலி மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
(தாய், திருநெல்வேலி)

பதில்: மாதவிடாயில் ஓரளவு வலி பலருக்கும் வரும். வாந்தி எடுக்கவைத்து, மூன்று நாள் படுக்கையில் தள்ளும் வலி எல்லாப் பெண்களுக்கும் வருவது அல்ல. அதை மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருமணம் ஆகாத பெண் அங்கே போவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ வயிற்று உறையிலோ குடலை ஒட்டியோ வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் கழிந்துவிடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது வலிப்பது இதை நினைக்கத் தூண்டும் அறிகுறி. மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் மகள் அதைச் சொல்ல வேண்டும். சூலகத்தில் கட்டியாக இருந்தால் ஸ்கேனில் தெரியும். வயிற்று உறையில் மெல்லிய திட்டுகளாக இருந்தால் தெரியாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்பது இங்கேயும் முடிவான பதில் அல்ல. திருமணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுப்பார்கள். கூடுதலாகப் பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. உண்டு. உங்கள் மகள் சம்மதிக்காத எந்த உட்பரிசோதனையும் செய்யக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

முன்பு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்தும் அறுவை முறை, செய்து கண்ணால் பார்த்தால்தான் நோய் உறுதி என்ற நிலை இருந்தது. 2022-இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவ அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியிருக்கிறது. அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம். அதற்கும் கட்டுப்படாவிட்டாலோ, ஸ்கேனில் எதுவும் தெரியாத நிலையில் தேவைப்பட்டாலோ லேப்ராஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம். இந்த நோயைக் குணப்படுத்துவதற்காகவென்று கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்பதையும் அதே வழிகாட்டுதல் தெளிவாகக் கூறுகிறது. சிலருக்குக் கர்ப்ப காலத்தில் வலி தணிந்திருப்பது உண்மை. பின்னர் திரும்ப வருவதும் உண்மை. வலிக்கு மருந்தாகப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் திருமணத்தை நிச்சயிப்பது எனக்கு ஏற்க முடியாத கொடுமையாகப் படுகிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை மாதத்தில் இரண்டு, மூன்று நாள் எடுத்துக்கொள்வதால் கர்ப்பப்பை கெடாது. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. வலி எட்டிப் பார்க்கும்போதே, மருத்துவர் சொன்ன அளவில், சாப்பிட்ட பின்பு போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஹார்மோன் மாத்திரைகளால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்ற அச்சமும் ஆதாரமற்றது. நிறுத்தினால் மாதச் சுழற்சி திரும்பிவிடும். நோயைக் கவனிக்காமல் விடுவதுதான் சிலருக்குப் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கிறது.

கேள்வி: என் மனைவி ஆண்டுக்கணக்கில் உடல் வலி என்று சொல்கிறாள். காலையில் எழ முடியவில்லை என்றவள், அன்று மாலையே உறவினர் திருமண வரவேற்பில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் எதை நம்புவது?
(வாசகர், கோவை)

பதில்: இரண்டையும் நம்புங்கள். நாள்பட்ட வலி நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வரவேற்புக்குப் போகாவிட்டால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள் என்று தெரிந்தவர், பகல் முழுவதும் வேறு வேலைகளைத் தள்ளிவைத்து, ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு மணி நேரத்துக்காகத் தம்மைத் தயார் செய்திருக்கலாம். நெடுநாள் வலியோடு வாழ்பவர்கள் பிறர் முன்னால் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகிவிடுகிறார்கள். சபையில் நீங்கள் பார்த்த முகத்தை வைத்து வலியின் அளவை முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றும்போதும், மறுநாள் காலையில் அடுக்களைக்குப் போகும்போதும் அவர் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள்.

நீங்கள் கடிதத்தில் எங்கேயும் மருத்துவரின் கருத்தைக் குறிப்பிடவில்லை. இதுவரை முறையாகக் காட்டவில்லை என்றால், முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலில் உள்ளபடி ஒரு பக்கக் குறிப்பை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அவரை இறக்கிவிட்டு வெளியே வண்டியோடு காத்திருக்காமல், அவருக்குச் சம்மதம் என்றால் மருத்துவரின் அறைக்குள் நீங்களும் செல்லுங்கள். மருத்துவரின் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். அவர் முடித்த பிறகு, திருமணத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் எந்தெந்த வேலையைச் செய்ய முடியாமல் விட்டுவிட்டார் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். நோயாளிகள் குறைத்துச் சொல்லிவிடும் விவரம் அது. உடன் இருப்பவர் சொன்னால் நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.